பெயரியல் முடிந்தது, வினையியல் எப்போது?

தமிழில் அறிவியல் வளர வேண்டும் என்று முழங்குகிற நண்பர்களிடம் சில காலமாக ஒரு சிறு சோதனையை வைத்து வருகிறேன். மேசைமேல் வைத்துக்கொள்ளத்தக்க, வேண்டிய அளவுக்கு வோல்ட்டைக் கூட்டவும் குறைக்கவும் தக்க ஒரு மின்வழங்கியை வீட்டிலேயே எப்படிச் செய்வது என்று தமிழில் பத்து வாக்கியம் சொல்லுங்கள் என்பதே அச்சோதனை. இதுவரை ஒருவரும் தேறவில்லை. தேறாதவர்களில் முனைவர்கள் உண்டு. கலைச்சொல் பட்டறைகளில் தலைமை தாங்கியவர்களும் உண்டு.

மின்வழங்கி என்றதும் பலருக்குப் பிடிபடுவதில்லை. பள்ளி ஆய்வகத்தில் 'பேட்டரி எலிமினேட்டர்' என்று ஒரு தகரப்பெட்டி இருந்ததல்லவா, அதன் அண்ணன். பாலிடெக்னிக்கில் அதையே 'ஆர்.பி.எஸ்.' என்பார்கள். சுவரில் வருகிற 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, குமிழைத் திருப்பிய அளவுக்கு 3 வோல்ட்டோ 5 வோல்ட்டோ 12 வோல்ட்டோ நேர்மின்சாரமாகத் தருவது அதன் தொழில். வானொலியைப் பழுது பார்ப்பவனும், மீன்பிடி படகின் வயர்லெஸ் கருவியைப் பிரித்துப் பார்ப்பவனும், பொழுதுபோக்காக மின்னணுச் சுற்றுகள் அமைப்பவனும் முதலில் தேடுவது இதைத்தான். தச்சனுக்கு உளிபோல.

சோதனைக்கு உட்பட்டவர்கள் என்ன சொல்கிறார்கள்? மின்மாற்றி, மின்தடையாக்கி, மின்தேக்கி, அலைதிருத்தி, மின்னழுத்தச் சீராக்கி என்று ஐந்து சொற்களை அடுக்குகிறார்கள். பிறகு மௌனம். ஐந்தும் பெயர்ச்சொற்கள். மின்மாற்றி என்ன செய்கிறது, மின்தேக்கி எப்போது நிரம்பி எப்போது வடிகிறது, சீராக்கி ஏன் சூடேறுகிறது, சூடேறினால் எது முதலில் கெடும் என்று கேட்டால் வாக்கியம் நொண்டுகிறது. வினைச்சொல் வரவில்லை. என் குற்றச்சாட்டு இவ்வளவுதான்: கலைச்சொல்லாக்கம் என்ற பெயரில் நாம் நூறாண்டுக்கு மேலாகப் பெயர்களை மட்டுமே படைத்து வந்திருக்கிறோம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் பெயரியலை அடுத்து வினையியல் இருக்கிறது. நம் அறிவியல் தமிழ் பெயரியலோடு நூலை மூடி வைத்துவிட்டது.

முன்னோர் உழைப்பை நான் மறுக்கவில்லை. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பர்களும் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அறுபதுகளில் சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைக் கொண்டு ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியம் வெளியிட்டது. பெரியசாமித் தூரன் கலைக்களஞ்சியம் கண்டார். யுனெஸ்கோ கூரியரின் தமிழ்ப் பதிப்பை நடத்திய மணவை முஸ்தபா தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கலைச்சொல்லுக்கே கொடுத்து 2017இல் மறைந்தார். இவர்கள் இல்லையென்றால் இந்தக் கட்டுரையில் மின்வழங்கி என்று எழுதவும் எனக்குச் சொல் இராது. ஆனால் அகராதி என்பது விதைநெல். விதைநெல்லை மூட்டை மூட்டையாக அடுக்கிவிட்டு விளைச்சல் கண்டதாக விழா எடுப்பது இவர்களுக்குப் பின்வந்த நம் கைங்கரியம்.

நாம் கற்க மறுத்த வினைகள் எங்கே இருக்கின்றன? பழுது பார்க்கும் கடைகளில். இராமநாதபுரம் கடைத்தெருவில் ஒரு ரேடியோ மெக்கானிக்கின் கடையில் அரைநாள் உட்கார்ந்து கேட்டால் போதும். கரண்ட் அடிக்கிறது, ஃபியூஸ் போகிறது, ஒயர் ஷார்ட் ஆகிறது, ஈயம் பற்றவில்லை, ஈயம் பற்றியிருக்கிறது ஆனால் பிடிக்கவில்லை, வோல்ட் இறங்குகிறது, வோல்ட் ஏறி இறங்குகிறது, லோடு கொடுத்தால் உட்கார்ந்துவிடுகிறது, டிரான்ஸ்பார்மர் இரைகிறது, கண்டென்சர் உப்பியிருக்கிறது, எர்த் தட்டுகிறது. 'வோல்ட் இறங்குகிறது' என்பதற்கும் 'வோல்ட் உட்கார்ந்துவிடுகிறது' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முன்னது படிப்படியான குறைவு. பின்னது சுமையை இணைத்த மாத்திரத்தில் நேரும் சரிவு. ஒரு பொறியியல் பாடநூல் அரைப்பக்கம் செலவழித்து விளக்குவதை ஒரு வினைச்சொல் முடித்துவிடுகிறது. ஈயம் 'பற்றுவது' வேறு, 'பிடிப்பது' வேறு. பார்வைக்கு ஒட்டியிருந்தும் உள்ளே இணையாத பற்றுக்கு அந்தக் கடையில் இருக்கும் துல்லியம் என் அலமாரியில் உள்ள எந்த அகராதியிலும் இல்லை.

இங்கே தூய்மைவாத நண்பர்கள் குறுக்கிடுவார்கள். டிரான்ஸ்பார்மர், கண்டென்சர், லோடு, எர்த் என்றெல்லாம் ஆங்கிலம் கலந்த கொச்சையைத் தமிழ் என்பீரோ என்பார்கள். பிற நிலத்துச் சொல்லைத் திசைச்சொல் என்று ஏற்று, அதற்கும் செய்யுளில் இடம் கொடுத்த இலக்கண மரபில் பயின்றவர்கள் இப்படிக் கேட்பது வியப்பாக இருக்கிறது. அந்த வாக்கியங்களில் பெயர் அயலது. வினையும் வேற்றுமையும் எச்சமும் முற்றும் தமிழ். மொழி உயிரோடிருப்பது அங்கேதான். நாம் செய்ததோ நேர்மாறு. பெயரைத் தமிழாக்கிவிட்டு வாக்கியத்தை ஆங்கிலத்தின் எலும்புக்கூட்டிலேயே விட்டுவிட்டோம். 'மின்னழுத்தமானது மின்தேக்கியினால் சீராக்கப்படுகிறது' என்று பாடநூல் எழுதுகிறது. 'கண்டென்சர் பள்ளத்தை நிரப்பித் தருகிறது' என்கிறார் மெக்கானிக். எது தமிழ் என்று தமிழ் முதுகலை படித்த நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் கரையிலேயே இதற்கு இன்னும் பழைய சான்று இருக்கிறது. மன்னார் வளைகுடாவை ஒட்டிய வாலிநோக்கம் மீன்பிடிக்கும் ஊர். ஒரு காலத்தில் பழைய கப்பல்களைக் கரையேற்றி உடைத்த ஊர். எல்லாவற்றுக்கும் மேலாக உப்பு விளையும் ஊர். 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் மாரியூர்-வாலிநோக்கம் உப்பளம் இங்கேதான் பரந்து கிடக்கிறது. உப்பளத் தொழிலாளி பாத்தியில் நிற்கும் நீரின் அடர்த்தியை 'டிகிரி' என்பார். போமே என்ற பிரெஞ்சு வேதியியலாரின் பெயரால் வழங்கும் அளவை அது. கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரியில் உள்ளே வருகிறது. வெயிலில் ஏறி ஏறி இருபத்தைந்தைத் தொடும்போது உப்பு பூக்கத் தொடங்குகிறது. இருபத்தொன்பது, முப்பதைத் தாண்டினால் மிஞ்சிய கசப்பு நீரைத் திறந்துவிட வேண்டும், இல்லையேல் உப்பும் கசக்கும். டிகிரி ஏறுகிறது, உப்பு பூக்கிறது, தண்ணீர் கசந்துவிட்டது. அயற்சொல் ஒன்று, வினை மூன்றும் நம்முடையவை. அந்தப் பெண்களிடம் சென்று 'அடர்த்திமானி அலகு' என்று யாரும் திருத்தாதவரை உப்பு விளைந்துகொண்டிருக்கும்.

பேசிக்கொண்டே இருந்தால் போதாது. அந்தப் பத்து வாக்கியத்தை நானே எழுதிப் பார்க்கிறேன். பத்தில் அடங்காது, பொறுத்தருள்க. கணக்கும் வரும், யாப்பிலக்கணத்தில் அசை பிரித்துச் சீர் எண்ணிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு அஞ்சத்தக்கதன்று.

230 வோல்ட்டை 18 வோல்ட்டாக இறக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கடையில் '9-0-9' என்று கேட்டால் கிடைக்கும். இரு முனைகளுக்கு நடுவே 18, நடு முனைக்கும் ஓர் ஓரத்துக்கும் நடுவே 9. இந்த 18 என்பது சராசரி போன்ற ஓர் அளவு. அலையின் உச்சி ஏறத்தாழ 25 வரை எழும்பும். நான்கு டையோடுகளைப் பாலமாகக் கட்டினால் முன்னும் பின்னும் அலைந்த மின்சாரம் ஒரே திசையில் வரத் தொடங்கும். அதற்குக் கூலியாக டையோடுகள் ஒன்றரை வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது 24. ஆனால் இது நேர்மின்சாரம் ஆகிவிடவில்லை. நொடிக்கு நூறு மேடும் நூறு பள்ளமுமாகத் துள்ளி வருகிறது. 4700 மைக்ரோபாரட் கண்டென்சர் ஒன்றைக் குறுக்கே வைத்தால் அது மேட்டில் நிரம்பிப் பள்ளத்தில் வடிந்து இடைவெளியைத் தூர்க்கும். ஓர் ஆம்பியர் இழுத்தால், அடுத்த மேடு வருவதற்குள் அது வடிந்து இழப்பது சுமார் 2 வோல்ட். ஆக, மிக மோசமான கணத்தில் நம் கையில் இருப்பது 22.

இனிமேல்தான் குமிழ். எல்.எம். 317 என்ற மூன்று கால் சில்லு ஒன்று இருக்கிறது. 1976இல் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் பாப் டாப்கின் வடிவமைத்தது. அரை நூற்றாண்டு கடந்தும் உலகெங்கும் மேசை மின்வழங்கிகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது. இதற்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. தன் வெளியீட்டுக் காலுக்கும் சரிசெய்யும் காலுக்கும் இடையே எப்போதும் 1.25 வோல்ட் நிற்கும்படி பார்த்துக்கொள்ளும். என்ன நேர்ந்தாலும் அந்த 1.25ஐ விட்டுக்கொடுக்காது. அவ்விரு கால்களுக்கு நடுவே 240 ஓம் தடை ஒன்றை வைத்து, சரிசெய்யும் காலிலிருந்து தரைக்கு இன்னொரு தடை வைத்தால், இரண்டாம் தடை முதல் தடையைப்போல எத்தனை மடங்கோ அத்தனை 1.25கள் மேலே சேரும். 720 ஓம் என்றால் மும்மடங்கு; 1.25உடன் மூன்று 1.25 கூடி 5 வோல்ட். இரண்டாம் தடையைத் திருகிக் கூட்டிக் குறைக்கும்படி வைத்தால் அதுவே குமிழ். வெண்பாவில் தளை பிறழாதவரை சொல்லை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்பதைப்போல, 1.25 பிறழாதவரை மற்றவற்றை நாம் ஆளலாம்.

சில்லுக்கும் கூலி வேண்டும். உள்ளே வருவது வெளியே போவதைவிடச் சுமார் 3 வோல்ட் கூடுதலாக இருந்தால்தான் அது வேலை செய்யும். 22இல் 3 போக 19. ஆகவே பெட்டியின்மேல் '19 வோல்ட் வரை' என்று எழுதிக்கொள்ளலாம்.

சென்னை ரிச்சி தெருவில் பொருள் வாங்கிச் சென்னையிலேயே பயன்படுத்துபவர் அப்படி எழுதிக்கொள்ளலாம். மின்கம்பிப் பாதையின் கடைக்கோடியில் இருக்கும் ஊரில், மாலையில் எல்லார் வீட்டு மோட்டாரும் ஓடும் வேளையில், 230 வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் என்ன ஆகும்? 18 என்பது 14 ஆகும். உச்சி 20க்கும் கீழே நிற்கும். டையோடு, பள்ளம், சில்லு மூன்றுக்கும் கூலி கழித்தால் மிஞ்சுவது 13 சொச்சம். படகின் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் கருவிகளை மேசையில் சோதிக்க 13.8 வைப்பது வழக்கம். அதுகூட எட்டவில்லை. பெட்டி பழுதாகவில்லை; கணக்குப் போட்டவர் வேறோர் ஊரில் இருந்துகொண்டு போட்டுவிட்டார்.

வெப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே 24 வருகிறது, நமக்கு வேண்டியது 5 வோல்ட், இழுப்பது ஓர் ஆம்பியர் என்றால், மிச்சம் 19 வோல்ட்டும் சில்லுக்குள்ளேயே எரிகிறது. 19 வாட். ஈயம் வைக்கும் சிறிய சூட்டுக்கோல் அளவு வெப்பம் அது. சில்லு தன்னைத்தானே அணைத்துக்கொண்டு உயிர் பிழைக்கும். நமக்கு மின்சாரம் வராது. இதற்குத்தான் 9-0-9 வாங்கியது. குறைந்த வோல்ட் வேண்டும்போது ஒரு சுவிட்சால் 9 வோல்ட் முனைக்கு மாறிக்கொண்டால் எரிவது 6 வாட் அளவுக்கு இறங்கிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானதை இப்போது சொல்கிறேன், ஏனெனில் இதை எங்கள் கரையில் இருந்துகொண்டு யோசித்தால்தான் உறைக்கும். உப்பு, காற்றில் ஈரப்பதம் முக்கால் பங்கைத் தாண்டும்போது தானாகவே நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். வாலிநோக்கத்தில் இரவு தவறாமல் அது நிகழ்கிறது. காற்றில் வந்து படிந்த உப்புத் துகள் பலகைமேல் மின்சாரம் கடத்தும் மெல்லிய படலம் ஆகிவிடும். குமிழுக்குள் கரிப்பட்டையின்மேல் நகரும் உலோக நாக்கு களிம்பேறும். ஒருநாள் குமிழைத் திருப்பும்போது நாக்கு பட்டையை விட்டு ஒரு கணம் எழும்பும். நான் மேலே சொன்ன, எல்லாக் கையேடுகளிலும் காணப்படும் அமைப்பில், அந்தக் கணத்தில் இரண்டாம் தடை எல்லையற்றதாகிவிடுகிறது. சில்லு தன் 1.25ஐக் காக்கும் ஆவேசத்தில் வெளியீட்டை உச்சிக்குத் தூக்கிவிடுகிறது. 5 வோல்ட்டுக்கென மேசையில் கிடந்த கருவிமேல் இருபதுக்கு மேல் பாய்கிறது. கருவி செத்தது.

மாற்றுவழி உண்டு. குமிழை மேலே உள்ள முதல் தடையின் இடத்துக்கு மாற்றி, கீழ்த் தடையை நிலையாக வைத்துவிட்டால், நாக்கு எழும்பும்போது வோல்ட் ஏறுவதற்குப் பதில் இறங்கும். விழுந்தாலும் கீழ்நோக்கி விழும். இழப்பும் உண்டு: குமிழின் அளவுக்கோடுகள் ஒருபக்கம் நெருங்கியும் மறுபக்கம் அகன்றும் போகும், சில்லு நிலைகொள்ள வெளியீட்டில் எப்போதும் சில மில்லியாம்பியர் இழுக்கும்படி ஒரு தடையை நிரந்தரமாகக் கட்டிவைக்க வேண்டும். பலகைமேல் வார்னிஷ் பூச வேண்டும். கிடைக்காதவர்கள் நகப்பூச்சு பூசுகிறார்கள். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டி எறியும் வழக்கத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் பின்பற்றலாகாது. தகரப்பெட்டி கரண்ட் அடிக்கும்.

மேலே நான் எழுதிய ஏழு பத்திகளில் புதுக் கலைச்சொல் ஒன்றுகூட இல்லை. மொழியின் ஆற்றல் குறைவு என்று அழுவோருக்கு இது ஒரு விடை. நிரம்பு, வடி, தூர், எழும்பு, உறைக்கும், களிம்பேறு, கசி: எல்லாம் வீட்டில் கிடந்தவை.

இது சாத்தியமா என்று ஐயுறுவோர்க்கு அக்கரையைக் காட்டுவேன். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நோயாளி எதிரே கிடக்க, மாணவன் அருகே நிற்கப் பிறந்த தமிழ் அது. சொற்பட்டியலுக்கு அங்கே வேலை குறைவு. பின்னாளில் இலங்கையில் பல்கலைக்கழக நுழைவு வரைக்கும் இயற்பியலைத் தமிழில் கற்றார்கள். நாம் மின்மாற்றி என்பதை அவர்கள் நிலைமாற்றி என்றார்கள். மின்தேக்கியைக் கொள்ளளவி என்றார்கள். 1990இல் போர் மீண்டும் மூண்டு, யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் பேட்டரியும் இல்லாமற்போனபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்டார்கள், பாட்டுக் கேட்டார்கள். மண்டபம் முகாமுக்கு வந்தவர்கள் இதைச் சொல்ல எங்கள் பக்கத்தில் கேளாதவர் குறைவு. சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட், அதுவும் மாறுதிசை. மிதியின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்குவது. வானொலி கேட்பதோ ஆடாத நேர்மின்சாரம். இடையில் டையோடும் கண்டென்சரும் நின்றாக வேண்டும். கை தளர்ந்தால் ஒலிநாடாவில் பாட்டு இழுபடும். வீட்டில் செய்த மின்வழங்கியின் வரலாற்றைத் தமிழில் யாராவது எழுதினால் முதல் அத்தியாயம் அங்கே தொடங்க வேண்டும். அவர்களைச் செய்ய வைத்தது தேவைதான். ஆனால் மொழி குறுக்கே நிற்கவில்லை.

இங்கே நிற்கிறது. வாலிநோக்கத்துப் பக்கத்து மாணவன் ஒருவனை எனக்குத் தெரியும். பள்ளிப் படிப்பு முழுதும் தமிழில். பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். எந்தப் பாலிடெக்னிக் என்பது இங்கே தேவையில்லை. இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்கு, நான் மேலே சொன்ன மாதிரி ஒரு மின்வழங்கியைத் தானே செய்தான். குமிழ் எழும்பும் சிக்கலை எனக்குச் சொல்லித் தந்தவனும் அவனே. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், கண்டென்சருக்குப் பிறகும் மிஞ்சும் அலைவைப் பற்றிக் கேட்டார். 'சார், அடுத்த மேடு வர்றதுக்குள்ள கண்டென்சர் கொஞ்சம் வடிஞ்சிரும் சார், அந்தப் பள்ளந்தான்' என்று தொடங்கியிருக்கிறான். ஆங்கிலத்தில் சொல் என்றார் அவர். பையன் நின்றுவிட்டான். அடுத்து வந்தவன் நகரத்துச் செயல்திட்டக் கடையில் பணம் கொடுத்து வாங்கிய பெட்டியை வைத்து, கடையில் எழுதிக் கொடுத்த நான்கு ஆங்கில வாக்கியங்களை ஒப்பித்தான். மதிப்பெண் யாருக்குக் கூடியது என்று சொல்ல வேண்டியதில்லை. செய்தவனுக்கு மொழி இல்லை என்று தீர்ப்பாயிற்று. அவனிடம் இருந்ததுதான் மொழி. அதை மொழி என்று அடையாளம் காணும் காது அந்த அறையில் இல்லை. அந்தக் காதைத் தயாரித்துக் கொடுத்திருக்க வேண்டியவர்கள் தமிழ்த்துறையினராகிய நாம். 'வடிதல்' என்பது முறையான அறிவியல் வினை என்று எந்த நூலில் எழுதிவைத்திருக்கிறோம், அவன் எடுத்துக்காட்டுவதற்கு?

2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது கட்டுமானவியலும் இயந்திரவியலும் மட்டுமே இடம்பெற்றன, மின்னணுவியல் இல்லை. நாம் மகிழ்ந்து அறிக்கை விட்டதோடு சரி.

கடையில் நூறு, இருநூறு ரூபாய்க்குச் சீனத்துச் சில்லுப்பலகை கிடைக்கிறது, இதைவிடத் திறனாகவும் வேலை செய்கிறது, எதற்கு இந்தப் பாடு என்று கேட்கலாம். உண்மைதான். செய்வது வாங்குவதைவிடச் செலவும் பிடிக்கும். அச்சிட்ட திருக்குறள் இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் ஊரில் நாம் ஏன் பிள்ளைகளை எழுதப் பழக்குகிறோமோ, அதற்காகத்தான். சில்லுகளின் விவரக் குறிப்பேடுகள் ஆங்கிலத்தில்தானே இருக்கின்றன என்பது அடுத்த வாதம். இருக்கட்டும். எண்ணையும் படத்தையும் ஆங்கிலத்தில் படிக்க அந்தப் பையனால் முடிந்தது. பெட்டி வேலை செய்யாத இரவில், எங்கே தவறு என்று தனக்குள் பேசிக்கொண்டது தமிழில். பழுதறிதல் என்பது தன்னோடு பேசுவது. அதற்கு இரவல் மொழி உதவாது.

சுஜாதாவைச் சொல்வார்கள். பெல் நிறுவனத்துப் பொறியாளர்; 'ஏன் எதற்கு எப்படி' எழுதி ஒரு தலைமுறையை அறிவியல் பக்கம் திருப்பியவர். அயற்சொல்லுக்கு அஞ்சாத அவர் நடைக்கு நான் கடன்பட்டவன். ஆனாலும் அவர் நமக்குக் கற்பித்தது வியப்பதை. சூட்டுக்கோலைக் கையில் கொடுத்து 'இங்கே வை' என்று சொல்லும் உரைநடை அவருக்கும் முன்னுரிமையாக இருக்கவில்லை. எங்கள் மாவட்டத்திலோ நிலைமை இன்னும் வேடிக்கை. பையன் ஒருவன் ஒயரைத் தொட்டால் உடனே 'நம்ம ஊர் அப்துல் கலாம்' என்று சால்வை போர்த்திவிடுவார்கள். பேய்க்கரும்பில் 2017இல் திறந்த நினைவகத்துக்கு அழைத்துப்போய் ஏவுகணை மாதிரியின் முன் நிறுத்திப் படம் எடுப்பார்கள். மல்டிமீட்டர் வாங்கித் தரமாட்டார்கள்.

நம் துறையின் பங்கைத் தனியே சொல்ல வேண்டும். தாலாட்டும் ஒப்பாரியும் ஒலிநாடாவில் பதித்து ஆய்வேடு படைத்தோம்; நல்லது. கி. ராஜநாராயணன் பல்கலைக்கழகப் பட்டமில்லாமலே கரிசல் வட்டாரச் சொல்லகராதி தொகுத்தார். அதை முன்மாதிரி என்று புகழ்ந்து பாடம் வைத்தோம். ரேடியோ மெக்கானிக்கின் பேச்சைப் பதிய ஒரு முதுகலை மாணவரையாவது அனுப்பினோமா? சங்கப் பாடல்களில் உமணர் உப்பு வண்டி ஓட்டிய வழியைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வருகின்றன. அந்த வழிவந்த உப்பளத்தில் இன்று பம்பு மோட்டாரின் காயில் எரிந்தால் என்ன சொற்களில் பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க ஒருவரும் போகவில்லை. வானொலிக் கடைகள் மூடிக்கொண்டு வருகின்றன. கைப்பேசிப் பழுது பார்க்கும் இளைஞர்கள் உதிரிப் பாகத்தை மாற்றுகிறார்கள். சுற்றைப் படிப்பது அருகி வருகிறது. ஐம்பது, அறுபது வயதுக்காரர்களின் நாவில் இருக்கும் அந்த வினைகள் இன்னும் பதினைந்தாண்டு தாங்குமா என்பது ஐயமே.

வரும் பருவத்தில் எங்கள் துறையின் ஆய்வுத் தலைப்புகளுக்கான கூட்டத்தில், இராமநாதபுரம் மாவட்டத்து மின்பழுதுக் கடைகளின் வினைச்சொற்கள் என்ற தலைப்பை வைக்க இருக்கிறேன். இது தமிழாய்வா என்று கேட்பார்கள் என்பது தெரியும். கேட்பவரிடம் அந்தப் பையன் செய்த பெட்டியைக் கொடுத்து, குமிழைத் திருப்பும்போது என்ன நேர்கிறது என்று ஒரு வாக்கியம், முற்றுப்பெற்ற ஒரே ஒரு தமிழ் வாக்கியம், எழுதித் தரச் சொல்லப் போகிறேன்.